விபிஎஸ் வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? கதையைப் பாதியில் நிறுத்துங்கள்

மே மாத விடுமுறையில் சபையில் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்பு எடுக்க முதன்முறையாகப் பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. பாடத்தைக் கதையாகச் சொல்லுங்கள், சரியான இடத்தில் நிறுத்துங்கள். சகேயு கதை லூக்கா 19இல் பத்தே வசனம்தான். குள்ளமான அந்த ஆயக்காரத் தலைவன், அதாவது வரி வசூலிப்பவர்களின் தலைவன், காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான், இயேசு கீழே வந்து அண்ணாந்து பார்க்கிறார்... அங்கே நிறுத்திவிட்டு, "இப்போ என்ன சொல்லுவார்?" என்று கேளுங்கள். போன வருடம் என் வகுப்பில் ஒரு ஏழு வயதுப் பையன் பெஞ்சு மேல் ஏறி நின்று, "திட்டுவாரு அக்கா, ஊர்க்காசை எடுத்தவன்தானே" என்றான். திட்டவில்லை, அவன் வீட்டுக்கே தங்கப் போனார் என்று சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் இது எடுபடாது. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதச் சொல்லுங்கள். "அவ்வளவு ஜெபித்தும் தாத்தா ஏன் செத்துப்போனார்" என்றெல்லாம் வரும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள், மழுப்பினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம், மனன வசனத்துக்குப் பரிசு கொடுப்பதென்றால், ஒப்பிக்க வராத பிள்ளைக்கும் ஒரு பென்சிலாவது எடுத்து வையுங்கள்.