மடியில் பிசையும் பூனை, சட்டையைச் சப்பும் பூனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூனை மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி அமர்ந்து, மாவு பிசைவதுபோல் முன்னங்கால்களை மாற்றி மாற்றி அழுத்தத் தொடங்கும்போது அதன் பாதங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அழுத்தும்போது விரல்கள் விரிகின்றன; காலைப் பின்னுக்கு இழுக்கும்போது விரல்கள் மடங்கி, நகநுனி துணியில் மாட்டிக்கொள்கிறது. கண்கள் பாதி மூடியிருக்கும், தொண்டையிலிருந்து குர்ரென்ற ஒலி எழும், சில பூனைகளுக்கு வாயோரம் எச்சிலும் வடியும்.

இது பால்குடிக் காலத்துப் பழக்கம். கண் திறவாத குட்டி, தாயின் முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு அதன் இருபுறமும் பாதங்களால் அழுத்துகிறது. அந்த அழுத்தமும் சப்பலும் சேர்ந்துதான் பாலை இறங்கச் செய்கின்றன. நான்காவது வாரம் முதல் குட்டிகள் மெல்ல வேறு உணவுக்கு மாறி, ஏறக்குறைய 8 வாரங்களில் பால்குடி மறந்துவிடும். ஆனால் வெதுவெதுப்பான, மென்மையான ஒன்றின்மேல் படுத்தவுடன் வரும் அந்தப் பழைய நிம்மதி வளர்ந்த பிறகும் மறைவதில்லை. பாதங்களில் மணச் சுரப்பிகள் இருப்பதால், பிசையும் இடத்தில் பூனை தன் மணத்தையும் பதித்துவிடுகிறது.

இங்கேயே முதல் தவறு நேர்கிறது. பிசைவதையும் சப்புவதையும் ஒன்றாகவே எண்ணி, இரண்டுக்கும் காரணம் குட்டியைத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்ததுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிசைவது தாயுடன் நன்றாக வளர்ந்த பூனைகளிடமும் சாதாரணமாகக் காணப்படுவது. அதைத் தடுக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. துணியையோ தோலையோ சப்புவதுதான் சீக்கிரம் பால் மறந்த குட்டிகளிடமும், புட்டிப்பாலில் வளர்ந்தவற்றிடமும் அதிகமாகத் தென்படுகிறது. சயாமீஸ், பர்மீஸ் போன்ற இனங்களில் கம்பளித் துணியைச் சப்பும் இயல்பு பரம்பரையாகவும் வருகிறது.

அதட்டுவது, மூக்கில் தட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது ஆகியவை அடுத்த தவறு. தன்னை மறந்து கிடக்கும் நேரத்தில் அடி வாங்கும் பூனை, சப்பியதற்காகத்தான் அடி விழுந்தது என்று புரிந்துகொள்வதில்லை. உங்கள் கை வலி தரும் என்பதை மட்டுமே கற்றுக்கொள்கிறது. பயந்த பூனை ஆறுதலைத் தேடும். அந்த ஆறுதலுக்காக அது மறுபடியும் சப்பவே செய்யும். நகம் தோலில் பதிந்திருக்கும்போது வெடுக்கென்று இழுத்துத் தள்ளுவதும் கூடாது. நகம் வளைவானது என்பதால் இழுத்தால் தோல்தான் கிழியும். பாதத்தைச் சற்று முன்னோக்கி நகர்த்தினால் அது எளிதில் விடுபடும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நகத்தின் கூர்நுனியை மட்டும், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் உயிர்ப்பகுதியைத் தொடாமல் வெட்டிவிட்டால் போதும். நகத்தை அறுவை செய்து நீக்குவது என்பது ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுப்பதாகும். அந்தக் கொடுமையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரு நாள் அனுமதித்து மறுநாள் மறுப்பது. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். என் காதுமடலைச் சப்பும் பூனையைப் பகலில் விலக்குவேன். இரவில் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடுவேன், சில வேளைகளில் அதன் முதுகைத் தடவியும் கொடுப்பேன். அந்தத் தடவலே அதற்குப் பரிசாகிவிட்டது. விலக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் பூனை முன்னைவிட அதிகமாக வந்து முட்டும். அப்போது மனமிரங்கிவிட்டால், விடாமல் முட்டினால் கிடைக்கும் என்ற பாடத்தை நாமே கற்பித்தவர்கள் ஆவோம். சப்பத் தொடங்கியதும் பேசாமல், தடவாமல் எழுந்துவிட வேண்டும். அல்லது மடித்த போர்வை ஒன்றை இடையில் வைத்து, பூனை அதன்மேல் பிசையும்போது மட்டும் தடவிக் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் இப்படியே நடந்துகொண்டால்தான் சில வாரங்களில் மாற்றம் தெரியும். படுக்கும் நேரத்துக்கு முன் ஓடியாட விளையாடவிட்டு, பிறகு உணவு வைத்தால் அந்தத் தவிப்பே குறைந்துவிடுகிறது.

தோலில் கசப்பான அல்லது காரமான எதையாவது பூசிப் பார்ப்பவர்களும் உண்டு. தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு. நாம் நமக்காகத் தடவும் மருந்துகளும் அப்படித்தான். முடி வளர்வதற்காகத் தலையில் தடவும் மினாக்சிடில் சிறிய அளவிலேயே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். மருந்து தடவிய இடத்தைப் பூனை நக்கவோ சப்பவோ ஒருபோதும் விடாதீர்கள்.

இதுவரை இல்லாத பழக்கம் வளர்ந்த பூனைக்குத் திடீரென வந்தாலோ, தன் வாலையோ விலாவையோ முடி உதிருமளவுக்குச் சப்பினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சப்புவதோடு நில்லாமல் துணியைக் கடித்து விழுங்கும் பூனையிடம் ஒரு நாளும் அலட்சியம் காட்டக் கூடாது. துணித்துண்டு குடலை அடைத்துவிடும், நீண்ட நூல் குடலைச் சுருக்கி அறுத்தும்விடும். கம்பளித் துணிகளையும் நூல்களையும் அதற்கு எட்டாதபடி வையுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். அதன் மறுமுனை குடலில் சிக்கியிருக்கலாம் என்பதால், அப்படியே விட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.