சூடோமோனாஸ் ஏருஜினோசா: பச்சை நிறத்தை மட்டும் நம்பாமல் அடையாளம் காண்பது எப்படி?

புளி போட்டுத் துலக்காத பித்தளைக் குடத்தில் பச்சையாகக் களிம்பு பூக்கும் அல்லவா? ‘ஏருஜினோசா’ என்ற பெயர் அந்தக் களிம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1882இல் பிரான்சில் ஜெசார் என்பவர், நீலப்பச்சைக் கறை படிந்த காயக்கட்டுகளை ஆராய்ந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

ஈரம் இருந்தால் போதும், கைகழுவும் தொட்டியில்கூட வாழும். நலமாக இருப்பவரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தீக்காயம், வென்டிலேட்டர், சிறுநீர்க் குழாய் என்று உடம்பின் காவல் தளர்ந்த இடம் பார்த்து நுழையும். அதனால்தான் இதைச் சந்தர்ப்பவாதக் கிருமி என்கிறோம்.

சரி, சீழ் மாதிரி வந்துவிட்டது. கையுறை, கோட்டு போட்டுக்கொண்டு, அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர் மேற்பார்வையில் தொடங்குங்கள்.

படி 1. நியூட்ரியன்ட் அகார், மெக்காங்கி அகார் என்ற கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டுகள் இரண்டிலும் மாதிரியைக் கோடாகத் தேய்த்து, 37 டிகிரியில் ஒரு இரவு வையுங்கள்.

படி 2. காலையில் பாருங்கள். மெக்காங்கியில் காலனிகள் (கிருமிகள் பெருகிய புள்ளிகள்) இளஞ்சிவப்பாக மாறாமல் வெளிறியே இருக்கும். ஏனென்றால், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை இது புளிக்க வைப்பதில்லை. நியூட்ரியன்ட் அகாரில் காலனியோடு நிற்காமல் அகாருக்குள்ளேயே பச்சை ஊறியிருக்கும். பயோசயனின் என்ற நிறமி அது. மூடியைத் திறந்ததுமே பழுத்த திராட்சை வாசனை வரும். மூக்கைத் தட்டருகே கொண்டுபோய் மோந்து பார்க்காதீர்கள்.

படி 3. கிராம் சாயம் (பாக்டீரியாவை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் சாயமுறை) ஏற்றினால், நுண்ணோக்கியில் இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரியும், அதாவது கிராம் நெகட்டிவ்.

படி 4. ஆக்சிடேஸ் என்ற நொதி கிருமியிடம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. நியூட்ரியன்ட் அகார் காலனியை மரக்குச்சியால் எடுத்து, வினைப்பொருள் நனைத்த தாளில் தேயுங்கள். 10 விநாடிக்குள் கருஊதா வந்தால் பாசிட்டிவ்; ஏருஜினோசா பாசிட்டிவ்தான். பயிற்சிக் காலத்தில் நான் நிக்ரோம் கம்பியால் தேய்த்து, நெகட்டிவ் கிருமியைப் பாசிட்டிவ் என்று எழுதிவிட்டேன். அந்தக் கம்பியில் உள்ள இரும்பே நிறத்தை வரவழைத்துவிடும்.

படி 5. இதைத் தவறவிடாதீர்கள். நிறமியே சுரக்காத ஏருஜினோசா வகைகள் உண்டு. பச்சையாக ஒளிரும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸும் உண்டு. 42 டிகிரியில் வைத்துப் பாருங்கள். ஏருஜினோசா வளரும், ஃபுளோரசன்ஸ் வளராது.

அப்புறம் உடனே மருந்து உணர்திறன் சோதனை போடுங்கள். ஆம்பிசிலின் போன்ற பல மருந்துகளுக்கு இது இயல்பிலேயே அசையாது. எந்த மருந்து வேலை செய்யும் என்ற உங்கள் முடிவுக்காகத்தான் வார்டில் மருத்துவர் காத்திருப்பார்.