மருந்தையெல்லாம் ஒரே டின்னில் போட்டு வைக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவர் எங்கள் அத்தை. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. மருந்தெல்லாம் ஒரு பழைய மைலோ டின்னில்தான் கிடக்கும். போன தீபாவளிக்குப் போனபோது கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது, அதிரசம் சுட ரொம்ப நேரம் நின்றதால்தான் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, டின்னை மேசையில் கொட்டினேன். ஒரு அட்டையில் இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் 10 மில்லிகிராம், இன்னொன்றில் நோர்வாஸ்க் 5. ஒன்று அரசாங்க கிளினிக் கொடுத்தது, மற்றது பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக் கொடுத்தது. இரண்டும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு! ஒரு நாளைக்கு 10-ஐத் தாண்டக் கூடாத மருந்தை அத்தை 15 போட்டுக்கொண்டிருந்தார். கால் வீக்கம் இந்த மருந்தின் பக்கவிளைவு, அளவு கூடக்கூட அதுவும் கூடும். மறுபடி கிளினிக்கில் காட்டி ஒன்றை நிறுத்தியதும் வீக்கம் வடிந்தது.

அதனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரோடு நின்றுவிடாமல், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் படியுங்கள். எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பேனடாலும் இப்படித்தான். அதிலிருக்கும் பாராசிட்டமால் பல சளி மாத்திரைகளிலும் இருக்கிறது, பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதற்கு மேல் போனால் ஈரல் கெட்டுவிடும்.

அப்புறம் காசை மிச்சம் பிடிக்க மாத்திரையைப் பாதியாக உடைப்பது, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. தயவுசெய்து வேண்டாம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். காசுதான் கவலை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், மருந்தும் அதில் சேர்த்தி. கோலாலம்பூரில் பிள்ளை வீட்டில் சில மாதம் தங்கப் போகிறீர்களா, எஸ்.பி.யு.பி. என்ற அரசாங்க மருந்து விநியோக ஏற்பாட்டில் மீதி மாத மருந்தை அங்கேயே ஒரு அரசாங்க கிளினிக்கில் வாங்கலாம், போவதற்கு முன் கவுண்டரில் சொல்லி வைத்தால் போதும். தனியாரில் வாங்கினால் "இதற்கு ஜெனரிக் இருக்கிறதா?" என்று, அதாவது அதே மருந்து வேறு கம்பெனி செய்த மலிவானது இருக்கிறதா என்று, கூச்சப்படாமல் கேளுங்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும், அதனால் விலையைப் பார்த்து வாங்குவது உங்கள் உரிமை.

தைப்பூச விரதம் இருக்கும் இனிப்பு நீர்க்காரர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பயம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி கேப்சூல்தான். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள், இந்த மாதிரிப் பொருள்களில் ஸ்டீராய்ட் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு தேயும். பாட்டிலில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, அந்தப் பாட்டிலையே எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.