'மதுரை' என்று தட்டினால் ஃபைலுக்குள் என்ன போகிறது?

மதுரைப் பக்கம் டிடிபி கடையில் காதணி விழா பத்திரிகைக்கு மேட்டர் அடித்து வாங்கிவந்து வீட்டில் திறந்தால், சில நேரம் தமிழ் இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருப்பது எப்போதுமே வெறும் எண்கள்தான். எந்த எண் எந்த எழுத்து என்ற ஏற்பாடு இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். நோட்பேடை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

படி 1: தட்டி, எடை பாருங்கள்

விண்டோஸ் நோட்பேடில் மதுரை என்று மட்டும் தட்டுங்கள். எண்டர் வேண்டாம், அதற்கே 2 பைட் (கணினி சேமிப்பை அளக்கும் சிறு அலகு) கூடிவிடும். சேவ் ஆஸ் போய் என்கோடிங்கில் (எழுத்தை பைட்டாக்கும் முறை) யுடிஎஃப்-8 தேர்ந்து சேமியுங்கள். அப்புறம் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் சைஸ் என்ற வரியைப் பாருங்கள் ('சைஸ் ஆன் டிஸ்க்' வேறு கணக்கு). 15 பைட் என்று இருக்கும். கண்ணுக்கு மூன்றே எழுத்து!

படி 2: எழுத்துக்கு எண்

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொது ஏற்பாடான யூனிகோடு நம் எழுத்தைப் பிரித்துத்தான் வைக்கிறது: ம 2990, த 2980, உகரக் குறி 3009, ர 2992, ஐகாரக் குறி 3016. ஆக 5 எண்கள். திரையில் ஐகாரக் கொம்பு ரகரத்துக்கு முன்னால் தெரிந்தாலும், சேமிப்பில் பின்னால்தான் வருகிறது. இதை நினைவில் வையுங்கள், கீழே வேலைக்கு ஆகும்.

படி 3: எண்ணை பைட்டாக உடைப்பது

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும், 2990 அடங்காது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய யுடிஎஃப்-8 இதற்கு வழி சொல்கிறது. பேப்பரில் போட்டுப் பாருங்கள். 2990ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 46. இரண்டோடும் 128 கூட்டினால் 174, 174. முன்னால் 224 சேர்க்க வேண்டும். மகரம் என்பது 224, 174, 174. தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் இந்த 224தான். ரகரத்தை நீங்களே போடுங்கள், 224, 174, 176 வரும்.

ஐந்துக்கும் மும்மூன்று, 15. ஆங்கிலப் பெரிய ஏ மட்டும் ஆங்கிலத்துக்கான பழைய எண் பட்டியலான ஆஸ்கியில் இருந்த 65ஆகவே ஒரு பைட்டில் முடிந்துவிடுகிறது. நமக்கு மூன்று மடங்கு இடம். ஆனாலும் குறை சொல்ல மாட்டேன், இன்றைய போனுக்கு இது ஒரு சுமையே இல்லை.

படி 4: வேறு என்கோடிங்கில்

அதே சொல்லை யுடிஎஃப்-16 எல்ஈ என்று சேமித்தால் 12 பைட்: எழுத்துகளுக்கு 10, இது எந்த என்கோடிங் என்று காட்ட ஃபைலின் முன்னால் வைக்கும் அடையாளத்துக்கு 2. பொதுவாகத் தமிழுக்கு இடமில்லாத பழைய முறையான ஆன்சி தேர்ந்தால் நோட்பேட் எச்சரிக்கும். மீறிச் சேமித்தால் பொதுவாக ஐந்து கேள்விக்குறிதான் மிஞ்சும்.

படி 5: பாமினி ஏன் தகராறு செய்கிறது

யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபான்டான பாமினியில் மதுரை 4 பைட்: 107, 74, 105, 117. இவை ஆங்கிலத்தில் கே, பெரிய ஜே, ஐ, யு. அந்த எண்களுக்கு ஃபான்ட் தமிழ் வடிவம் வரைந்து காட்டுகிறது. து என்பது ஒரே பைட், கொம்பு ரகரத்துக்கு முன்னாலேயே நிற்கிறது. அதனால்தான் யூனிகோடுக்கு மாற்றும் கருவி எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள்கூட முதலில் திஸ்கி போன்ற பழைய முறைகளில் இருந்து, பிறகே யூனிகோடுக்கு வந்தன.

சரி, கைக்கு வந்த ஃபைல் குழம்பியிருந்தால்? ஆங்கில எழுத்துகளாக இருந்தால் பாமினி போன்ற ஃபான்டைப் போட்டுப் பாருங்கள், அல்லது மாற்றியில் கொடுங்கள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று மாறிமாறி வந்தால் அவைதான் நம் 224ம் 174ம். யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் வந்துவிடும். வரிசையாகக் கேள்விக்குறி என்றால் எழுத்து போயே போய்விட்டது, கடைக்காரரிடம் மூல ஃபைலைக் கேளுங்கள்.