பழைய நாடகக் கொட்டகையைச் சிரமதானத்தால் மீட்கும் முறை

யாழ்ப்பாணத்துப் பழைய நாடகக் கொட்டகையொன்றைச் சிரமதானத்தால், அதாவது ஊரார் கூலியின்றிக் கூடிச் செய்யும் உழைப்பால், புதுப்பிக்க முனைவோர், மண்வெட்டியை எடுப்பதற்கு முன், இசைநாடக நடிகர் வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரன் நாடகத்தை விடிய விடியப் பார்த்த முதியோரிடம், மேடை எவ்வாறு இருந்தது, திரை எப்படி இழுக்கப்பட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உரிமையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுதல் அவசியம்.

கூரை வேலை ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனஞ்சலாகைகளைக் கூரிய கம்பியால் குத்திப் பார்த்து, கறையான் அரித்தவற்றை மட்டும் மாற்றினால் போதும். சுண்ணக்கற் சுவருக்குச் சீமெந்து பூசுவதே பலரும் செய்யும் பிழை: அது ஈரத்தை உள்ளே அடைத்து, உப்புப் பூக்கச் செய்து, கல்லையே உதிர்த்துவிடும். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரங்கள் நீரில் ஊறவிட்டு, உப்பில்லாத மணல் மூன்று பங்குடன் குழைத்து, மெல்லிய படைகளாகப் பூசி, ஈரச் சாக்கால் மூடிவைத்தல் நன்று. நிறம் பூசுவது கடைசி வேலை. ஆட்கள் அதிகம் சேர்வதும் அன்றைக்குத்தான்.