பருவநிலை லாபியிங்: நிறுவன அறிக்கைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசின் விதிகளையும் கொள்கைகளையும் தமக்கு ஏற்றபடி மாற்ற நிறுவனங்கள் செய்யும் முயற்சிதான் லாபியிங். பருவநிலை விஷயத்தில் அதை வெளிப்படுத்தாமல், "பாரிஸ் ஒப்பந்தத்தை ஆதரிக்கிறோம்" என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்வதுதான் பரவலான தவறு. எந்த வரைவு விதியில், எந்தப் பிரிவில், என்ன மாற்றம் கேட்டீர்கள் என்பதுதான் வெளிப்படுத்த வேண்டிய விஷயம். வாகனப் புகை விதியை இரண்டு ஆண்டு தள்ளிவைக்கச் சொல்லி அமைச்சகத்துக்குக் கடிதம் போயிருந்தால், தேதியோடு அந்தக் கடிதமே பொதுவில் இருக்க வேண்டும்.

பெரிய ஓட்டை தொழில் சங்கங்களில் இருக்கிறது. நிறுவனம் நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுவதைச் சங்கம் சொல்லிவிடும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நீடித்தன்மை அறிக்கை) படிவத்தில், கொள்கைகள் மீது செல்வாக்குச் செலுத்துவது பற்றிய 7ஆவது கோட்பாட்டின் கீழ் முதல் 10 சங்கங்களின் பெயர் கேட்கப்படுகிறது. அந்தப் பத்தும் சங்கத்தின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கைப்படி வரிசையாகின்றன. அதனால் ஆயிரக்கணக்கில் உறுப்பினர் உள்ள பொது வர்த்தக சபைகள் பட்டியலை நிரப்பிவிடும். முப்பது நாற்பது நிறுவனங்கள் மட்டும் சேர்ந்து நிலக்கரிக்கோ சிமென்ட்டுக்கோ குரல் கொடுக்கும் சின்னச் சங்கம் விடுபட்டுப்போகும். படிவம் பத்தோடு நின்றாலும் முழுப் பட்டியலைக் கொடுங்கள்.

அதே கோட்பாட்டில், முன்வைத்த கொள்கை நிலைப்பாடுகளைக் கேட்கும் அட்டவணை கட்டாயமில்லை. "பொருந்தாது" என்று எழுதித் தப்பிப்பவர்கள் உண்டு. சங்கம் வழியாகக் கருத்து அனுப்பியிருந்தால் அது பொருந்தத்தான் செய்யும். இணைய இணைப்புக் கேட்கும் கட்டத்தில் நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தைக் கொடுப்பதும் ஏய்ப்புதான்.

சங்கத்தின் நிலைப்பாட்டை மதிப்பிடும்போது அதன் இணையதள வாசகத்தை நம்ப வேண்டாம். கடந்த ஓராண்டில் அரசுக்கு அது கொடுத்த மனுக்களை எடுங்கள். கார்பன் விலை, நிலக்கரி, எரிதிறன் தரம் என்று தலைப்புவாரியாக உங்கள் நிலைப்பாட்டோடு ஒப்பிடுங்கள். 2019இல் எண்ணெய் நிறுவனமான ஷெல் 19 சங்கங்களை இப்படிப் பரிசீலித்தது. அமெரிக்க எரிபொருள், பெட்ரோகெமிக்கல் உற்பத்தியாளர் சங்கத்தோடு பெரிய முரண்பாடு என்று காரணத்துடன் எழுதி விலகியது. ஒன்பது சங்கங்களோடு ஓரளவு முரண்பாடு என்று ஒப்புக்கொண்டு உள்ளேயே இருந்தது. விலகாமல் இருப்பது குற்றமில்லை. எதை மாற்றச் சொன்னோம், எப்போதுவரை பொறுப்போம் என்று எழுதாமல் இருப்பதுதான் பிழை.

பணக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் காலாண்டுதோறும் தாக்கலாகும் லாபியிங் தொகை எல்லா விஷயங்களுக்கும் சேர்த்த மொத்தம், அதுவும் அருகிலுள்ள 10,000 டாலருக்கு முழுமையாக்கியது. அதைப் பருவநிலைக்கான செலவு என்று காட்டினால் தவறு. பொதுமக்களைத் திரட்டும் விளம்பரங்களை அந்நாட்டின் லாபியிங் வெளிப்படுத்தல் சட்டம் கணக்கில் சேர்க்கச் சொல்வதில்லை. அறிக்கையில் அவற்றைத் தனி வரியாகக் காட்டுங்கள்.