கலைச் சர்ச்சைகளைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஓவியமோ படமோ பாட்டோ சர்ச்சையில் சிக்கினால், இரண்டே நாளில் எல்லோரும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் 'தடை செய்' என்ற குரல், இன்னொரு பக்கம் 'கலைஞனின் சுதந்திரம்' என்ற குரல். இந்தச் சத்தத்தில் முதலில் காணாமல் போகிறவர், அந்தப் படைப்பால் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்தான். அவர் யார், அவருக்கு என்ன நடந்தது என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்வதைத்தான் மிகப் பெரிய தவறாக நினைக்கிறேன். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நடந்தது என்ன என்று பார்க்காமல் கோபப்படுவதை எடுத்துக்கொள்வோம். 2007-இல் கோஸ்டாரிகா கலைஞர் கில்லெர்மோ வர்காஸ், நிகராகுவாவின் மனாகுவா நகரக் கலைக்கூடம் ஒன்றில் மெலிந்த தெருநாய் ஒன்றைக் கட்டிவைத்துக் காட்சிப்படுத்தினார். நாயைப் பட்டினி போட்டே சாகவிட்டார் என்று இணையத்தில் செய்தி பரவியது. உலகம் முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். கலைக்கூட இயக்குநரோ, நாய் சில மணி நேரம்தான் கட்டப்பட்டிருந்தது, அதற்குத் தீனி கொடுத்தோம், பிறகு தப்பி ஓடிவிட்டது என்றார். வர்காஸ் அதன் கதியைச் சொல்ல மறுத்துவிட்டார். நாய் செத்தது நிரூபணமாகவே இல்லை. ஆனால் நலிந்த ஒரு விலங்கைக் காட்சிக்காகக் கட்டிப்போட்டது எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. அதுவே கேள்வி கேட்கப் போதுமானது. நிரூபிக்க முடியாத பெரிய குற்றச்சாட்டைப் பிடித்துக்கொண்டு, கையில் இருந்த உண்மையைக் கோட்டைவிட்டோம்.

அடுத்தது, மனம் புண்படுவதையும் ஒருவருக்குத் தீங்கு நேர்வதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. 1999-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில், யானைச் சாணத்தையும் பயன்படுத்தி கிறிஸ் ஒஃபிலி வரைந்த கன்னி மரியாள் ஓவியம் காட்சிக்கு வந்தது. மேயர் ரூடி ஜூலியானி கொதித்தெழுந்து, அருங்காட்சியகத்துக்கு நகரம் தரும் பணத்தை நிறுத்துவேன் என்றார். நீதிமன்றம் அருங்காட்சியகத்தின் பக்கம் நின்றது. பலருக்கு அந்த ஓவியம் வேதனை தந்தது உண்மை, அந்த வேதனையை மதிக்க வேண்டும். ஆனால் பிடிக்காதவர் பார்க்காமல் விலகிப் போக முடிந்தது.

மரியா ஷ்னைடருக்கு அந்த வசதி இல்லை. 1972-இல் வந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தில் நடித்தபோது அவருக்கு வயது 19. படத்தின் வன்புணர்வுக் காட்சியில் வெண்ணெயைப் பயன்படுத்தப் போவதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நடிகையின் நடிப்பு அல்ல, ஒரு பெண்ணின் உண்மையான அவமானம்தான் தனக்கு வேண்டியிருந்தது என்று இயக்குநர் பெர்டொலுச்சி பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவமானப்பட்டதாகவும், திரையில் தெரிவது தன் நிஜக் கண்ணீர் என்றும் ஷ்னைடர் 2007-லேயே சொல்லியிருந்தார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. அவர் 2011-இல் இறந்தார். 2016-இல் இயக்குநரின் பேட்டிக் காணொளி பரவிய பிறகுதான் உலகம் கொதித்தது. அப்போதும் பலர், படப்பிடிப்பில் உண்மையான உடலுறவே நடந்தது என்று எழுதினார்கள். அப்படி நடக்கவில்லை என்று சொன்னவர் ஷ்னைடரேதான். அவர் சொன்னதை முதலில் கேட்கவில்லை, கேட்டபோதும் முழுசாகக் கேட்கவில்லை. எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

சரி, சம்மதம் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. 2000-இல் ஸ்பெயினின் சலமங்காவில் சாண்டியாகோ சியெர்ரா, ஹெராயினுக்கு அடிமையான நான்கு பாலியல் தொழிலாளர்களின் முதுகில் 160 செ.மீ. நீளத்துக்கு ஒரே கோடாகப் பச்சை குத்த வைத்தார். ஆளுக்குக் கூலி, ஒரு முறை ஹெராயின் வாங்கும் காசு. அவர்கள் சம்மதித்தார்கள். இந்தச் சமூகம் மனிதர்களை எவ்வளவு மலிவாக வாங்குகிறது என்று காட்டும் படைப்பு என ஆதரவாளர்கள் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனாலும் சுரண்டலைக் காட்டுவதற்குச் சுரண்டியே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு இதுவரை நான் படித்த எந்தப் பதிலும் எனக்குத் திருப்தி தரவில்லை. மறுக்க முடியாத நிலையில் இருப்பவரின் 'சரி'யை முழுச் சம்மதமாக எண்ணக் கூடாது.

சட்டமே கடைசி வார்த்தை என்று நினைப்பதும் இதே மாதிரிதான். 2000-இல் டென்மார்க்கின் டிராப்ஹோல்ட் அருங்காட்சியகத்தில் மார்கோ எவரிஸ்டி, தண்ணீர் நிரப்பிய மிக்ஸிகளில் தங்கமீன்களை விட்டுவைத்தார். பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்பது பார்வையாளர் விருப்பம். சிலர் அழுத்தினார்கள். அருங்காட்சியக இயக்குநருக்கு அபராதம் விதிக்கப்பட்டது, அவர் கட்ட மறுத்தார். மீன்கள் நொடியில் இறந்துவிட்டதால் வதை இல்லை என்று 2003-இல் நீதிமன்றம் விடுவித்தது. வேதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத்தான் நீதிமன்றம் அளந்தது. ஓர் உயிரை இன்னொருவரின் ஆர்வத்துக்குப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கலைஞரின் நல்ல நோக்கம் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும் என்பதும், தடை அல்லது சுதந்திரம் என இரண்டே வழிதான் உண்டு என்பதும் பல நேரம் சேர்ந்தே வரும் தவறுகள். 2017-இல் மினியாபொலிஸ் நகரின் வாக்கர் கலை மையம், சாம் டுரண்ட் செய்த ஒரு பெரிய மரச் சிற்பத்தைத் தன் தோட்டத்தில் நிறுவியது. அமெரிக்க வரலாற்றில் பயன்பட்ட தூக்குமேடைகளின் வடிவங்களை இணைத்த படைப்பு அது. மரண தண்டனையைக் கேள்வி கேட்பதே அவர் நோக்கம். ஆனால் அதில் ஒரு வடிவம், 1862-இல் அதே மாநிலத்தின் மன்கேட்டோவில் டகோட்டா பழங்குடியினர் 38 பேரை ஒரே நாளில் தூக்கிலிட்ட மேடையுடையது. குழந்தைகள் ஏறி விளையாடக்கூடிய இடத்தில் அது நின்றது. டகோட்டா மக்கள் கொதித்தார்கள். அப்புறம் நடந்தது முக்கியம்: அருங்காட்சியகமும் டுரண்டும் டகோட்டா மூத்தோர்களுடன் உட்கார்ந்து பேசினார்கள். சிற்பத்தைப் பிரித்து மரத்தை அவர்களிடமே கொடுப்பது என முடிவானது. படைப்பின் உரிமையையும் டுரண்ட் அவர்களுக்கே எழுதிக்கொடுத்தார். எந்த அரசும் தடை போடவில்லை, யாரும் கலைஞரை வாயடைக்கவில்லை. முன்கூட்டியே டகோட்டா மக்களைக் கலந்துபேசாதது தவறு என்று வாக்கர் மையத்தின் இயக்குநர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சு சிற்பத்தை நிறுவுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியது.